கடுமசக்கை: அதனை அறிதலும் கர்ப்பிணிக்குத் துணை நிற்றலும்

கருவுற்ற பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் குமட்டலும் வாந்தியும் உண்டாதல் இயல்பு. பத்துக் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ எழுவர் இதனை ஏதேனும் ஓர் அளவில் அனுபவிக்கின்றனர். தமிழில் இதற்கு மசக்கை என்று பெயர். மசக்கை கண்டது எனக் கேட்டவுடன் வீட்டார் மகிழ்கின்றனர். புளிப்புப் பண்டங்களைத் தேடித் தருகின்றனர். மூன்று மாதம் கடந்தால் தானே சரியாகிவிடும் எனப் பெரியோர் ஆறுதல் கூறுகின்றனர். பெரும்பாலோரைப் பொறுத்தவரை இவ்வாறுதல் மெய்யே.

எனினும், நூறு கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை வேறொரு நிலைக்கு ஆளாகின்றனர். அவர்களுக்கு வாந்தி நாள் முழுவதும் நிற்பதில்லை. உணவு மட்டுமன்றி நீரும் வயிற்றில் தங்குவதில்லை. உடல் எடை குறைகின்றது. எழுந்து நிற்கவும் வலுவின்றிப் படுக்கையில் கிடக்கின்றனர். மருத்துவ நூல்கள் இதனை ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம் என வழங்குகின்றன. இக்கட்டுரையில் இது கடுமசக்கை எனக் குறிக்கப்படும். இது மசக்கையின் மிகுதி என்று எண்ணிப் பொறுத்திருக்கத் தக்கதன்று. மருத்துவம் வேண்டும் நோயாகும். இதனை முதலில் காணக்கூடியவர் மருத்துவர் அல்லர். கர்ப்பிணியின் வீட்டிற்குச் செல்லும் களப்பணியாளரே. ஆகவே இந்நோயைப் பற்றிய தெளிவு அவர்களுக்கு இன்றியமையாதது.

மசக்கைக்கும் கடுமசக்கைக்கும் உள்ள வேறுபாடு

சாதாரண மசக்கை கருவுற்ற 4 முதல் 7-ஆம் வாரத்திற்குள் தொடங்கி, 9-ஆம் வார அளவில் உச்சமடைந்து, பின்னர்ப் படிப்படியாகத் தணியும். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவதாகும். இப்பெண் வாந்தி எடுத்தாலும், நாளில் ஏதேனும் ஒரு வேளையில் சிறிது உண்பாள், நீர் அருந்துவாள், வீட்டு வேலைகளை ஒருவாறு செய்து முடிப்பாள்.

கடுமசக்கையும் அதே காலத்தில்தான் தொடங்குகின்றது. ஆனால் இங்குப் பெண்ணால் வழக்கம்போல் உண்ணவோ அருந்தவோ இயலாது. அன்றாட வாழ்க்கை முற்றிலும் முடங்கிவிடும். கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேல் குறைதல் நெடுங்காலமாக இந்நோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்து, அதனை விழுங்கவும் இயலாமல் சிலர் துன்புறுவர். தாளிக்கும் மணம், சோப்பு மணம், வண்டிப் புகை ஆகியவை கூட வாந்தியைத் தூண்டும். பெரும்பாலோருக்கு 20-ஆம் வாரத்திற்குள் நோய் தணியும். சிலருக்குப் பிரசவம் வரை நீடிப்பதும் உண்டு. ஒரு கர்ப்பத்தில் இந்நோய் கண்டவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்ப வரக்கூடும்.

மனநோய் எனக் கருதிய காலம்

வழக்கில் இந்நோய் நெடுங்காலம் உயிர்க்கொல்லியாகவே இருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஷார்லட் பிராண்டி 1855 மார்ச் 31-இல், தம் 38-ஆம் வயதில், கருவுற்றிருந்த காலத்தில் இறந்தார். இறப்புச் சான்றில் காசநோய் என எழுதப்பட்டிருப்பினும், அவர்தம் இறுதி வாரங்களின் குறிகளைக் கொண்டு அது கடுமசக்கையாக இருக்கலாம் என மருத்துவர் பலர் கருதுகின்றனர். நரம்பின் வழியே நீரும் உப்பும் செலுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டில் பரவிய பின்னரே இந்நோயால் நேரும் மரணங்கள் அருகின.

மரணம் குறைந்தபோதிலும் பழி குறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கருவை உள்ளூர விரும்பாத பெண்ணே இவ்வாறு வாந்தி எடுக்கின்றாள் என்ற கொள்கை மேலை நாட்டு மருத்துவரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் விளைவாக, நோயுற்ற பெண்கள் உறவினரைக் காண விடாமல் தனி அறையில் வைக்கப்பட்டனர். நம் நாட்டிலும் 'ஊரில் எவளும் பெறாத பிள்ளையா?' என்னும் சொல் இத்தகைய பெண்ணின் செவியில் விழாமலிருப்பது அரிது.

இக்கொள்கை காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக் காண்பதாகும். வாரக்கணக்கில் உணவின்றி, உறக்கமின்றி, பிறரால் நம்பப்படாமலும் கிடக்கும் ஒருவர் மனம் தளர்வது இயற்கை. பிரிட்டனில் இந்நோய் கண்ட 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் 2021-ஆம் ஆண்டையொட்டி நடத்தப்பட்ட விசாரணையில், ஏறத்தாழ நால்வரில் ஒருவர், நோயின்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சில வேளைகளில் தோன்றியதாகத் தெரிவித்தனர். நூற்றுக்கு ஐவர் அளவில் நோயின் கொடுமை தாங்காது கருவைக் கலைத்தனர். மனத்துயர் இந்நோயின் வேர் அன்று, அதன் கனியாகும்.

காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

இந்நோயின் உடற்காரணத்தைத் தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி மார்லீனா ஃபெய்சோ. 1999-இல் அவரே கடுமசக்கையால் படுக்கையில் கிடந்து, வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தார். அதன்பின், இந்நோய் கண்ட பெண்களுக்கு உதவும் ஹெர் ஃபவுண்டேஷன் என்னும் அமெரிக்க அமைப்புடன் சேர்ந்து, நோயுற்ற பெண்களிடமிருந்து தகவல்களையும் உமிழ்நீர் மாதிரிகளையும் திரட்டினார். தாய்க்கும் மகளுக்கும், சகோதரிகளுக்கும் இந்நோய் தொடர்ந்து வருதலைக் கண்டு, மரபணுவில் காரணம் இருத்தல் வேண்டும் எனத் துணிந்தார்.

ஆயிரக்கணக்கான பெண்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஜி.டி.எஃப்.15 என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவைச் சுட்டிற்று. இப்புரதம் ஹார்மோனைப் போன்று இரத்தத்தில் கலந்து செல்வது. கர்ப்ப காலத்தில் கருவும் நஞ்சுக்கொடியும் இதனை மிகுதியாகச் சுரக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் வாந்தியை ஆளும் இடத்தில் இதற்கென ஓர் ஏற்பி உள்ளது என்பது 2017-இல் அறியப்பட்டிருந்தது. அந்த ஏற்பியில் புரதம் பொருந்தியவுடன் குமட்டல் எழுகின்றது.

அவ்வாறாயின் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் நோய் வராததேன்? இவ்வினாவிற்கான விடையை 2023 டிசம்பரில் ஃபெய்சோவும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓராஹிலியும், பிற நாட்டு ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இக்குழுவில் இலங்கை ஆய்வாளரும் பங்கு கொண்டனர். கருவுறுமுன் இப்புரதம் தம் இரத்தத்தில் குறைவாக உள்ள பெண்களே மிகுதியாகத் துன்புறுகின்றனர் என்பது அவ்வாய்வின் முடிபு. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். காரம் பழகிய நா மிளகாயைப் பொறுத்துக்கொள்ளும். பழகாத நாவிற்கு அதே மிளகாய் நெருப்பாக எரியும். கருவுறுமுன் இப்புரதத்திற்குப் பழகாத மூளை, கரு சுரக்கும் பெருவெள்ளத்தைத் தாங்க மாட்டாது கலங்குகின்றது. பீட்டா தலசீமியா என்னும் இரத்தநோய் உடைய பெண்களுக்கு இப்புரதம் எப்போதும் மிகுதியாக இருக்கும். அவர்களுக்குக் கர்ப்பக் குமட்டல் மிகக் குறைவு என்பதும் இம்முடிபை உறுதி செய்கின்றது.

ஆகவே கடுமசக்கை என்பது மனவலிமைக் குறைவாலோ, செல்லமாக வளர்ந்ததாலோ வருவதன்று. அது கருவின் சுரப்பிற்கும் தாயின் மூளைக்கும் இடையே நிகழும் உடல் நிகழ்ச்சி. இதனை வீட்டாருக்கு எடுத்துரைப்பதே மருத்துவத்தின் முதற்படி எனலாம்.

துணை நிற்போரின் பணி

விஞ்ஞானிகள் காரணத்தைத் தேடிய அதே காலத்தில், நோயிலிருந்து மீண்ட பெண்கள் சிலர் பிறருக்குத் துணை நிற்க முன்வந்தனர். பிரிட்டனில் பிரெக்னன்சி சிக்னஸ் சப்போர்ட் என்னும் அறநிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குத் தொண்டாற்றுவோருள் பெரும்பாலோர் தாமே கடுமசக்கையை அனுபவித்தவர்கள். நோயுற்ற ஒருத்திக்கு ஒரு தொண்டர் எனப் பொருத்தப்பட்டு, தொலைபேசி வாயிலாகவும் செய்திகள் வாயிலாகவும் அவர் தொடர்ந்து விசாரித்து வருகின்றார்.

அவர் மருந்து கொடுப்பதில்லை. அவர் செய்வன மூன்று. முதலாவது, நோயாளி கூறுவதை நம்புதல். இரண்டாவது, எந்நிலையில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மருத்துவரிடம் எதனைக் கேட்க வேண்டும் என எடுத்துக் கூறுதல். மூன்றாவது, நாள்தோறும் 'இன்று எவ்வளவு நீர் தங்கியது?' எனக் கேட்டு, நிலை மோசமாவதை உரிய காலத்தில் உணர்தல். 2021-இல் வெளியிடப்பட்ட இந்நோயின் சர்வதேச இலக்கணத்தை வகுப்பதில் மருத்துவருடன் நோயுற்ற பெண்களும் பங்கு கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் இத்தகைய பணிக்கு வேண்டிய ஆட்கள் ஊர்தோறும் உள்ளனர். ஆஷா பணியாளர், துணைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் கர்ப்பிணியின் வீட்டை அறிந்தவர்கள். அவரது மாமியாருடனும் கணவருடனும் உரிமையோடு பேசக்கூடியவர்கள். ஒரு குறை மட்டும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் மருத்துவரால் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. அது நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளையே முதன்மையாகக் கருதுவது. கடுமசக்கையோ இரண்டாம், மூன்றாம் மாதங்களில் உச்சமடைகின்றது. இவ்விடைவெளியை நிரப்ப வல்லது வீட்டுச் சந்திப்பு ஒன்றே.

மூன்று கேள்விகள்

நோயின் அளவை மதிப்பிட எளிய முறையொன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கடந்த 24 மணி நேரத்தைப் பற்றிக் கர்ப்பிணியிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படும்.

1. எத்தனை மணி நேரம் குமட்டல் இருந்தது? இல்லையெனில் 1 மதிப்பெண். ஒரு மணி வரை 2. 2 முதல் 3 மணி வரை 3. 4 முதல் 6 மணி வரை 4. 6 மணிக்கு மேல் 5.

2. எத்தனை முறை வாந்தி எடுத்தார்? இல்லையெனில் 1, 1 அல்லது 2 முறை எனில் 2, 3 அல்லது 4 எனில் 3, 5 அல்லது 6 எனில் 4, 7 அல்லது அதற்கு மேல் எனில் 5.

3. எதுவும் வெளிவராமல் எத்தனை முறை ஓங்கரித்தார்? மதிப்பெண்கள் இரண்டாம் கேள்விக்கு உரியனவே.

மூன்றையும் கூட்டுக. 6 வரை இலேசானது. 7 முதல் 12 வரை நடுத்தரமானது. 13 முதல் 15 வரை கடுமையானது. எடுத்துக்காட்டாக, 5 மணி நேரம் குமட்டலும், 6 முறை வாந்தியும், 3 முறை ஓங்கரிப்பும் இருந்தால் 4, 4, 3 எனக் கூட்டி 11 ஆகின்றது. நடுத்தர நிலையை அடைந்தவரையும் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

எண் மட்டும் போதாது. எடையும் பார்க்கப்பட வேண்டும். கருவுறுமுன் இருந்த எடை தெரியாவிடில், தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் முதற்பதிவாக உள்ள எடையைக் கொள்ளலாம். 44 கிலோ எடையுள்ளவர் 2.2 கிலோவிற்கு மேல் இழந்தால் அது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டியதாகும். நம் நாட்டுப் பெண்கள் பலர் குறைந்த எடையுடனேயே கருவுறுவதால், இவ்விழப்பு அவர்களுக்கு மேலும் கேடு விளைக்கும்.

உடனே அனுப்ப வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படினும் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்: 24 மணி நேரமாக நீரும் வயிற்றில் தங்காமை, 8 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, அல்லது அது மிகக் கருத்த மஞ்சள் நிறமாக இறங்குதல், எழுந்து நின்றால் மயக்கம், வாந்தியில் இரத்தம், மேற்கூறிய அளவு எடை இழப்பு, உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிய பேச்சு.

காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் எரிச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை இருப்பின் அது கடுமசக்கையாக இராமல் வேறு நோயாக இருக்கலாம். மலேரியா, மஞ்சட்காமாலை, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவை வாந்தியை உண்டாக்கும். நான்காம் மாதத்திற்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்தியும் மசக்கை அன்று. இவையும் உடனே மருத்துவர் காண வேண்டியவையே.

குளுகோசும் தயமினும்

இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை கூறப்பட வேண்டும். ஊர்ப்புறங்களில் சோர்ந்த நோயாளிக்கு 'ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றினால் சரியாகும்' என்னும் நம்பிக்கை வேரூன்றியுள்ளது. கடுமசக்கையில் இது ஆபத்தாக முடியலாம்.

தயமின் எனப்படும் வைட்டமின் பி1 உடலில் மிகச் சிறிய அளவே சேமிக்கப்படுகின்றது. உணவு நின்றால் அச்சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். நன்கு தீட்டிய அரிசியில் இவ்வைட்டமின் குறைவாதலால், அதனையே முதன்மையாக உண்போரிடம் சேமிப்பு தொடக்கத்திலேயே சிறிதாக இருக்கக்கூடும். குளுகோசை எரிக்க உடலுக்குத் தயமின் தேவை. தயமின் தீர்ந்த உடலில் குளுகோசை ஏற்றினால், எஞ்சிய சிறிதும் செலவாகி மூளை பழுதடைகின்றது. பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை இதன் குறிகள். வெர்னிக்கே நோய் எனப்படும் இது உயிரையும் போக்கலாம். பிழைத்தோரிடம் நிலையான மறதியையும் விட்டுச் செல்லலாம்.

ஆகவே முதலில் தயமின் கொடுத்த பின்னரே குளுகோஸ் என்பது விதி. நீரிழப்பைப் போக்க ஏற்றப்படுவது உப்புக் கரைசலும், தேவைக்கேற்பப் பொட்டாசியமும் ஆகும். எத்தனை வாரமாக நோயாளி சரிவர உண்ணவில்லை என்பதை மருத்துவரிடம் களப்பணியாளர் தவறாது தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தகவல் உயிர் காக்க வல்லது.

மருந்தைப் பற்றிய அச்சம்

கர்ப்ப காலத்தில் மருந்தே ஆகாது என்னும் அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, குமட்டலுக்காகக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்பட்டது. கை கால் குறைபாடுகளுடன் பல்லாயிரம் குழந்தைகள் பிறந்த பின்னர் 1961-இல் அங்கு அது விலக்கப்பட்டது. அந்தப் பாடம் மறக்கத் தகாதது.

எனினும், அதே அச்சம் நல்ல மருந்தையும் விலக்கிய கதையும் உண்டு. டாக்சிலமைனும் பிரிடாக்சின் எனும் வைட்டமின் பி6-உம் கலந்த மாத்திரை, அமெரிக்காவில் வழக்குகளின் நெருக்கடியால் 1983-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. கர்ப்ப வாந்திக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் தொகையே உயர்ந்தது. மீண்டும் ஆராயப்பட்டு, 2013-இல் அம்மருந்திற்கு அந்நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. இம்மாத்திரை நம் நாட்டிலும் கிடைக்கின்றது. மருத்துவர்கள் முதலில் தருபவற்றுள் ஒன்று. இது போதாவிடில் மெடோகுளோபிரமைடு, ஒண்டான்செட்ரான் முதலியவற்றை மருத்துவர் தம் முடிவின்படி கொடுப்பர். ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதங்களில் உட்கொண்டால் குழந்தைக்கு வாய்ப்பிளவு ஏற்படும் வாய்ப்பு 10,000-க்கு 11 என்பதிலிருந்து 14 ஆக உயரலாம் என ஒரு பெரிய ஆய்வு காட்டிற்று. இம்மிகச் சிறிய உயர்வை, உணவும் நீருமின்றி இருத்தலின் கேட்டோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்கின்றனர். தாமாகக் கடையில் மருந்து வாங்குதல் தவறு. மருத்துவர் தந்த மருந்தை அச்சத்தால் நிறுத்துதலும் தவறு.

வீட்டில் செய்யத்தக்கவை

நோயாளியைச் சமையலறையிலிருந்து விடுவித்தலே வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி. சமையலை வேறொருவர் ஏற்க வேண்டும். மூன்று வேளை உணவு என்னும் கட்டுப்பாடு வேண்டா. எந்நேரம், எது தங்குகின்றதோ அதனைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுத்தல் நன்று. ஊட்டத்தைப் பற்றிய கவலையை அந்நாட்களில் ஒத்திவைக்கலாம்; நீர் தங்குவதே முதன்மை.

இரும்புச் சத்து மாத்திரை குமட்டலை மிகுவிக்கக்கூடும். அதனைச் சிறிது காலம் நிறுத்தலாமா என மருத்துவரைக் கேட்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தை இயன்றவரை தொடர்வது நன்று. இஞ்சி இலேசான மசக்கைக்கு உதவலாம். நீரும் தங்காத பெண்ணிடம் இஞ்சிச் சாறு குடிக்கச் சொல்வது பயனற்றது. தன் நோயை எவரும் உணரவில்லை என்ற துயரத்தையே அது கூட்டும்.

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிக்கு மருந்து, பரிசோதனை, தங்கும் நாட்களில் உணவு, போக்குவரத்து ஆகியவை கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும் என 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வகுத்துள்ளது. செலவிற்கு அஞ்சித் தயங்கும் குடும்பத்திற்கு இதனை அறிவித்தல் களப்பணியாளரின் கடமை.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை

ஊரில் ஆசிரியர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பெற்றோர் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் கடுமசக்கை நோயே என்பதை அவர்கள் எடுத்துரைக்கலாம். உயர் வகுப்புகளில் ஹார்மோன்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, மேலே கூறிய புரதத்தின் கதை நல்ல எடுத்துக்காட்டாக அமையும். நாளை கணவராகவும் மாமியாராகவும் ஆகவிருப்போர் அவ்வகுப்பிலேயே அமர்ந்துள்ளனர்.

ஆசிரியைகளுள்ளும் இந்நோய்க்கு ஆளாவோர் உண்டு. கர்ப்பத்தால் விளையும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு என்னும் விதி 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்திற்கு உட்பட்ட நிலையங்களில் தலைமை வகிப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவாக, களப்பணியாளர் ஒவ்வொருவரும் ஆறு முதல் பன்னிரண்டு வாரக் கர்ப்பிணிகளின் பட்டியலைத் தனியே வைத்துக்கொண்டு, அவ்வாரங்களில் ஒருமுறைக்கு இருமுறை அவர்களைச் சென்று காண்பாராக. அதற்கு வேண்டிய கருவிகள் ஓர் எடை பார்க்கும் பொறியும், மூன்று கேள்விகளும், கர்ப்பிணி கூறும் விடையை நம்பும் மனமுமே ஆகும்.